பூசி மறைக்கும் முன்: பழைய வீடு வாங்கியவர்களின் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்கள் பலவும் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து. தோட்ட வேலையில் மிச்சம் பிடித்த காசில் 1970-களிலும் 80-களிலும் டவுனில் வாங்கிய வீடுகள் இப்போது அடுத்த தலைமுறையிடமோ புதியவர்களிடமோ கைமாறுகின்றன. சாவி கையில் கிடைத்த வாரமே சுத்தியல் எடுக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வீடு காலியாக இருக்கும் இந்தச் சில வாரங்களில்தான் அதன் கோளாறுகள் ஒளிவுமறைவில்லாமல் தெரியும்.

கேள்வி: தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) மாடியில்லாத தொடர் வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. ஹாலிலும் முன் அறையிலும் முழங்கால் உயரத்துக்குச் சுவர் ஊறிச் சாயம் உரிகிறது. கை வைத்தால் வெள்ளையாக உப்புத் தூள் கொட்டுகிறது. சில இடங்களில் பழைய உரிமையாளர் பிளைவுட் அடித்து மறைத்திருக்கிறார். நான்கு அடிக்கு டைல் ஒட்டினால் தீர்ந்துவிடும் என்கிறார் குத்தகையாளர். ஒட்டலாமா? (சுங்கை சிப்புட் வாசகி)

பதில்: ஒட்டாதீர்கள் அம்மா. டைல் ஈரத்தை நிறுத்தாது, அது காய்கிற வழியைத்தான் அடைக்கும். முழங்கால் உயரத்தில் நின்ற ஈரம் டைலுக்குப் பின்னால் ஏறி, ஐந்தாவது அடியில் மறுபடியும் உப்புப் பூக்கும். அதற்குள் அடியில் உள்ள டைல்கள் சுவரை விட்டுக் கழன்றிருக்கும். அந்தப் பிளைவுட் செய்த வேலையும் இதுதான். முதலில் அதைக் கழற்றுங்கள். ஆனால் பின்னால் மண் குழாய் போல ஏதாவது ஓடினால் அப்படியே விட்டுவிட்டு, அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு வெள்ளி கூடச் செலவழிக்க வேண்டாம். பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றாக இருக்கும்.

முதலில் பைப்பைப் பாருங்கள். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, மேல் தொட்டி நிறைந்த பிறகு மீட்டர் எண்ணை எழுதிவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. அந்தக் கால வீடுகளில் நாகப்பூச்சு இரும்புக் குழாயைச் சுவருக்குள் புதைத்திருப்பார்கள். அது உள்ளிருந்து துருப்பிடித்து, முழங்கை மூட்டுகளில்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். குழாயைத் திறந்தால் முதலில் பழுப்புத் தண்ணீர், பிறகு மெல்லிய தாரை என்றால் குழாய்க்குள் துரு அடைத்திருக்கிறது என்று பொருள். கசிகிற ஓர் இடத்தை மட்டும் வெட்டி இணைத்தால், மரை திருகும் அழுத்தத்தில் பக்கத்து மூட்டு உடையும். பழைய குழாயை முழுதாகக் கைவிட்டு, பி.பி.ஆர். பிளாஸ்டிக் குழாயைப் புதுப் பாதையில் கொண்டுபோவதே நல்லது. மேல் தொட்டியின் கட்டை நிலையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நூறு கேலன் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 455 கிலோ. அந்தப் பாரம் சிலிங் சட்டத்தின் நடுவில் உட்காரக் கூடாது, சுவரின் மேல் இறங்க வேண்டும்.

இரண்டாவது, வெளித் தண்ணீர். கார் நிறுத்தும் இடத்தில் ஒவ்வொரு உரிமையாளரும் சிமெண்டின் மேல் சிமெண்டு போட்டு, கடைசியில் வெளித்தரை உள்தரைக்குச் சமமாகிவிட்ட வீடுகள் நிறைய உண்டு. வெளித்தரை உள்தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சுவரோரம் ஓரடி அகலத்துக்கு வெட்டி இறக்கி, லோங்காங்குக்கு (வெளிச் சாக்கடைக்கு) வாட்டம் கொடுங்கள். லோங்காங்கின் அடியில் வெடிப்பு இருக்கிறதா, கூரைக் கால்வாய் சுவரோரம் வழிகிறதா என்பதை வெயிலில் நின்று கண்டுபிடிக்க முடியாது. நல்ல மழையில் குடையோடு நின்று பாருங்கள்.

மூன்றாவது, தரையிலிருந்து ஏறும் ஈரம். வெளிச்சுவரில் மட்டுமல்லாமல் உள்சுவரிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கோடு இழுத்ததுபோல் கறை நிற்கும். மூன்று அடிக்கு மேல் போவது அரிது. வட்டமாக ஒரே இடத்தில் மட்டும் கறை இருந்தால், அல்லது சுவரின் மேல் பாதியில் இருந்தால், அது பைப், கூரை அல்லது பக்கத்து வீட்டுக் குளியலறை. தரையைச் சோதிக்க, இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அடியில் வியர்த்தால் ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேலே மட்டும் வியர்த்தால் அது காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்துவைத்தாலே குறையும்.

முதல் இரண்டையும் சரிசெய்த பிறகும் மூன்றாவது நிற்கிறது என்றால் மட்டும் சுவருக்குள் ஈரத் தடுப்பு ஊசி போடுங்கள். வெளித்தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் உள்ள செங்கல்களுக்கு இடையே ஓடும் ஒரே கலவை வரியில் 12 மி.மீ. துளைகளை 120 மி.மீ. இடைவெளியில் துளைத்து, சிலிக்கோன் கிரீமை நிரப்ப வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவருக்கு 100 மி.மீ. ஆழம். இருபது அடிச் சுவருக்கு 50 துளை வரும். பத்துப் பதினைந்து துளையில் முடிக்கிற ஆளை நிறுத்துங்கள். இடைவெளியில் ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பிறகு பழைய பிளாஸ்டர். உப்புத் தெரியும் உயரத்துக்கு மேல் ஓரடி வரை கொத்தி எடுத்துவிடுங்கள். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிப் பெருக்கி வெளியே கொட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள் போகும். அந்த உப்பு மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தையே உறிஞ்சிச் சுவரை நனைத்துவிடும். அடுத்து வருவதுதான் எல்லாரும் அவசரப்படும் இடம்: சுவர் காய வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் பழைய கணக்கு. நாலரை அங்குலச் சுவருக்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆகலாம். இரண்டு பக்கமும் பிளாஸ்டர் எடுத்திருந்தால், மின்விசிறி ஓடினால், சீக்கிரமே காயும். இந்த நாட்களில் மற்ற வேலைகளைப் பாருங்கள், சுவரைச் சும்மா விடுங்கள்.

புதுப் பூச்சுக்கு சிமெண்டு ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் ஆறு பங்கு. ஜிப்சம் பூச்சு கீழ்ப்பகுதிக்கு ஆகாது, ஈரம் பட்டால் உப்பி உதிரும். பூச்சைத் தரையைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே நிறுத்தி, இடைவெளியைச் சுவரடிப் பலகையால் (ஸ்கர்ட்டிங்) மறையுங்கள். பூச்சு தரையைத் தொட்டால், செலவழித்துப் போட்ட ஈரத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஈரம் அதன் வழியே ஏறும். சாயம் மட் வகையாக இருக்கட்டும். பளபளக்கும் சாயம் சுவரை மூச்சுவிட விடாது.

கேள்வி: விட்டுப்போன பழைய அலமாரிக்கு அடியில் மாவு போலத் தூள், வாசக்காலுக்கு அடியில் கடுகு மாதிரித் துகள், பின்சுவரில் மண் கோடு. எல்லாமே கறையானா? வாசக்கால் செங்கால் என்ற கெட்டி மரம். எடுத்துவிடவா? (லிந்தாங் வாசகர்)

பதில்: மூன்றும் மூன்று பூச்சிகள். மாவு போன்ற மெல்லிய தூள் மரத்தூள் வண்டு. ரப்பர் மரச் சாமான்களில் மாவுச்சத்து அதிகம் என்பதால் அதற்கு மிகவும் பிடித்த இடம். கையில் உருட்டினால் சொரசொரக்கும் சின்ன மணிகள் காய்ந்த மரக் கறையானின் எச்சம். அதற்கு மண்ணே வேண்டாம், மரத்துக்குள்ளேயே கூடு கட்டும். மண் கோடுதான் நிலத்தடிக் கறையான், வீட்டைக் காலிசெய்யக்கூடியது. கோப்டோடெர்மெஸ் இனம்தான் நம் பக்கத்தில் அதிகம். அதில் ஒரு வகை நின்றுகொண்டிருக்கும் பால்மரத்தையும் செம்பனையையுமே தின்னும். தோட்டமாக இருந்து தாமானாக மாறிய நிலத்தில் புதைந்துபோன அடிக்கட்டைகளும் வேர்களும் அதற்குத் தீனி.

மண் கோட்டைக் கண்டதும் கையால் இடிப்பதும், கடையில் வாங்கிய ஸ்ப்ரே அடிப்பதும் வேண்டவே வேண்டாம். கண்ணில் பட்ட நூறு சாகும், மீதிக் கூட்டம் அந்தப் பாதையைக் கைவிட்டு வேறு சுவரில் ஏறும். பிறகு அதைத் தேடுவதே பெரும்பாடு. ஒரே ஓர் இடத்தில் அரை அங்குலம் உடைத்துப் பாருங்கள். அடுத்த நாள் அடைத்திருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. அந்தப் பாதையின் மேலேயே கறையான் ஒழிப்பு ஆட்கள் தூண்டில் பெட்டியைப் பொருத்துவார்கள். அதிலுள்ள மருந்து உடனே கொல்லாது. கறையான் தோல் உரிப்பதைத் தடுத்து, ஒன்றுக்கொன்று ஊட்டுவதால் கூடு முழுவதும் பரவும். சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகலாம். அதுவரை சிலிங், அலமாரி, கதவு எதையும் உடைக்கக் கூடாது. அதிர்ச்சியில் தீனியை விட்டு ஓடிவிடும்.

அவசரமாக மாற்றுவேலை தொடங்க வேண்டுமென்றால் இன்னொரு முறை: சுவரோரம் தரையில் ஓரடிக்கு ஒரு துளை வீதம் 12 மி.மீ. துளைத்து மண்ணுக்குள் மருந்து செலுத்துவது. ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்ற, கறையானால் உணர முடியாத மருந்தைக் கேளுங்கள். தரையில் புது டைல் போடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். டைல் போட்ட பிறகு நினைவு வந்தால் புது டைலில்தான் துளை விழும். பைப் எங்கே போகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

செங்கால் வாசக்காலை எடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். இன்று அந்தத் தரத்தில் கிடைப்பது கடினம். திருப்புளியால் அடி, நடு, மேல் என்று குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்காவிட்டால் மரம் நன்றாக இருக்கிறது. கெடுவது பெரும்பாலும் தரையில் புதைந்த அடி நான்கைந்து அங்குலம்தான். அதை மட்டும் சாய்வாக அறுத்து, அதே வகை மரத்தின் நல்ல துண்டை ஒட்டவைத்து, அடியில் கருங்கல்லோ கான்கிரீட்டோ வைத்துத் தூக்கிவிடுங்கள். காய்ந்த மரக் கறையான் இருக்கும் பகுதிக்குப் பழைய சாயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு போரான் கரைசலைப் பூசுங்கள். சாயத்தின் மேல் பூசினால் மரத்துக்குள் இறங்காது. வண்டு பிடித்த ரப்பர் மர அலமாரியை மட்டும் தயங்காமல் வெளியேற்றுங்கள்.

கேள்வி: சிலிங் வெள்ளைப் பலகை, நாலடிச் சதுரம், இடையில் மரப்பட்டி. நானும் தம்பியும் உடைத்து இறக்கிவிடலாமா? (சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: உடைக்க வேண்டாம். அந்தக் காலத்துச் சிமெண்டுப் பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை நிறைய. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில் சிறு துண்டைக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியும் வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக, சாயத்தோடு இருக்கும் பலகை தொல்லை தராது. அறுப்பது, துளைப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, அடித்து நொறுக்குவது எல்லாம்தான் நாரைக் காற்றில் கலக்கும். அது நுரையீரலுக்குப் போனால் நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் கூட ஆகும். அதனாலேயே மக்கள் அலட்சியமாக இருக்கிறார்கள்.

பலகை நன்றாக இருந்தால் தேய்க்காமல் மேலேயே சாயம் பூசி விட்டுவிடுங்கள். புது டவுன்லைட்டுக்கு ஓட்டை போடாதீர்கள். இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பழக்கமுள்ள ஆட்களிடம் விடுங்கள். அவர்கள் தண்ணீர் தெளித்து நனைத்து, மரப்பட்டியைக் கழற்றி, ஆணியைப் பிடுங்கி, பலகையை முழுதாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் இரட்டையாகச் சுற்றுவார்கள். துணி முகக்கவசமோ என்95-ஓ போதாது, பி100 வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும். வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தூசும் நாரும் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவு, குறியீடு எஸ்.டபிள்யூ. 201.

கேள்வி: பெரிய சாலையில் பழைய பலகை வீடு. கறுப்பு வயர் மரப்பட்டி மேல் ஓடுகிறது, பீங்கான் ஃபியூஸ், உருண்டைக் கால் பிளக். லைட் எரிகிறது. அப்படியே விடலாமா? (கோலகங்சார் வாசகர்)

பதில்: லைட் எரிவது வயர் நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி அல்ல ஐயா. ரப்பர் உறை போட்ட பழைய வயர் வளைத்தாலே உதிரும். அது ஓடுவது காய்ந்த பலகை மேல். முழுதாக மாற்றுங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்து, முடிவில் ஜி பாரத்தையும் (வேலை முடிந்ததற்கான சான்று) எச் பாரத்தையும் (சோதனைச் சான்று) கையெழுத்திட்டுத் தர வேண்டும். மீட்டரிலும் அதன் முன்னுள்ள முத்திரையிலும் யாரும் கை வைக்கக் கூடாது, அது தெனாகா மின் நிறுவனத்தின் சொத்து.

லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ., 13 ஆம்பியர் பிளக்குக்கு 2.5 சதுர மி.மீ. வயர். குளியலறைச் சுடுநீர் இயந்திரத்துக்கும் ஏர்கோனுக்கும் தனித்தனி வழி. 3.6 கிலோவாட் சுடுநீர் இயந்திரம் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; 4 சதுர மி.மீ. போட்டால் நிம்மதி. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி மொத்த வீட்டுக்கு 100 மில்லி ஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாமான்களின் பிளக்குகளுக்கு 30, ஈரமான இடத்துச் சுடுநீர் இயந்திரத்துக்கு 10. செலவு குறைக்க ஒன்றை மட்டும் போடுகிறேன் என்பவரிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். எர்த் வயர் இல்லாத வீட்டில் இவற்றோடு எர்த் கம்பியும் அடிக்கவேண்டும்.

கேள்வி: சமையற்கட்டைப் பின்னால் நீட்டியிருக்கிறார்கள். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழே வெடிப்பு. சிமெண்டு அடைத்தால் மறுபடியும் வெடிக்கிறது. மழையில் அங்கேயே ஒழுகுகிறது.

பதில்: வெடிக்கத்தான் செய்யும். பழைய வீட்டின் அடித்தளம் எப்போதோ அமர்ந்துவிட்டது. நீட்டிய பகுதி வெறும் தரைக் கான்கிரீட்டின் மேல் நின்று இன்னும் இறங்குகிறது. இரண்டும் தனித்தனியே அசையும் இடத்தில் இறுகிய சிமெண்டு நிற்காது. வெடிப்பை 12 மி.மீ. அகலத்துக்கு நேராக வெட்டி, உள்ளே நுரைக் கயிறு திணித்து, 6 மி.மீ. ஆழத்துக்குப் பாலியூரிதேன் நிரப்புங்கள். அது இழுபட்டுச் சுருங்கும். சிலிக்கோன் வேண்டாம், அதன் மேல் சாயம் ஒட்டாது. ஒழுகலுக்கு மேலே ஏறிப் பாருங்கள்: தகரக் கூரை சுவரைத் தொடும் இடத்தில் தார் பூசி மட்டும் விட்டிருப்பார்கள். சுவரில் ஓர் அங்குலம் காடி வெட்டி, அதற்குள் மடித்த தகரப் பட்டியைச் செருகி, கூரையின் மேல் ஆறு அங்குலமாவது இறக்க வேண்டும்.

கேள்வி: ஹாலுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் உள்ள சுவரை எடுக்க அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும். சுங்கை சிப்புட்டுக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் (சட்டம் 133) கீழ் உள்வேலைக்கும் அதன் அனுமதி வேண்டும். அதற்கும் முன் சிலிங் வாசல் வழியே தலையை நீட்டிப் பாருங்கள். கூரைச் சட்டமோ உத்திரமோ அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தால் பொறியாளர் கணக்குப் போடாமல் ஒரு செங்கல் கூட எடுக்கக் கூடாது.

கேள்வி: சிவப்பு சிமெண்டுத் தரையை உடைக்கவா? சாமி மேடைச் சுவர் எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் மஞ்சளாக ஊறுகிறது. (சுங்கை சிப்புட் வாசகி)

பதில்: தரையை வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. குளிர்ச்சியான, வழவழப்பான அந்தத் தரையை இன்று போடத் தெரிந்த கை குறைவு. ஒரு காசால் தட்டிக்கொண்டே நடங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிடுங்கள். வட்டங்கள் அங்கங்கே மட்டும் என்றால் தரை காப்பாற்றக்கூடியது. பழைய மெழுகை டர்பெண்டைன் துணியால் எடுத்து, மிதமான சோப்பில் கழுவி, நன்கு காய்ந்த பின் மெழுகு தேய்த்துத் துடைத்தால் நிறம் எழும்பி வரும். கழிவறை அமிலத்தை ஊற்றிவிடாதீர்கள், மேல் சிமெண்டை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். அதன் மேல் டைல் போடுவதானால் வழவழப்பைக் கொத்தாமல் போட்ட டைல் பெயர்ந்து வரும். தரை ஓர் அங்குலம் உயர்வதால் எல்லாக் கதவின் அடியையும் அறுக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சாமி மேடைச் சுவரில் இருப்பது வருஷக்கணக்கான எண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும். தண்ணீர்ச் சாயம் அதைக் கரைத்து மேலே இழுக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரால் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள், மேலிருந்து தொடங்கினால் அழுக்குக் கோடு நிற்கும். இரண்டு நாள் காயவிட்டு, கறை தடுக்கும் ஷெல்லாக் பிரைமர் ஒரு பூச்சு, அதன் மேல் சாயம். பழைய கதவு ஜன்னலின் கெட்டிச் சாயத்தைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள், ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியில் துடைத்தெடுங்கள். குழந்தைகள் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டாம்.

கேள்வி: 12 அடிக்கு 11 அடி அறை, உயரம் 10 அடி. சாயம் எவ்வளவு வாங்க?

பதில்: நான்கு சுவரும் சேர்த்து 460 சதுர அடி. கதவு ஜன்னல் கழித்தால் சுமார் 415, அதாவது 38.5 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு பூச்சில் 10 சதுர மீட்டர் போகும் என்று வைத்தால் இரண்டு பூச்சுக்கு 7.7 லிட்டர். ஐந்து லிட்டர் டின் இரண்டு, அடிப்பூச்சு சீலர் ஐந்து லிட்டர் ஒன்று. உள்ளங்கையால் தேய்த்து வெள்ளைத் தூள் ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு. முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் சீலர் பூச வேண்டும். புதிதாகப் பூசிய பிளாஸ்டராக இருந்தால் 28 நாள் கழித்து.